பதினான்கு சென்டிமீட்டரில் ஒரு கூட்ஸ் பெட்டி

ஸ்ட்ராஸ்பர்க்

"மாமா, எல்லாரும் உள்ளே இஞ்சினைச் சுத்தி நிக்கிறாங்க. நீங்க இந்தத் துருப்பிடிச்ச பெட்டிக்கு அடியில குனிஞ்சு என்ன தேடுறீங்க?" என்று கேட்டான் அக்கா மகன்.

பிரேக் சிலிண்டரைத் தேடிக்கொண்டிருந்தேன். பென்சில்வேனியா ரயில் அருங்காட்சியகத்தின் வெளி யார்டு. 1975ல் திறந்த இடம். சாலைக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ராஸ்பர்க் ரயில் பாதை. 1832லேயே உரிமம் பெற்ற பாதை, இன்றும் அதில் நீராவி வண்டி ஓடுகிறது. கூரைக்குக் கீழே இஞ்சின்கள் எண்ணெய் பூசிக்கொண்டு பளபளக்கின்றன. நான் பார்க்க வந்த கூட்ஸ் பெட்டி வெயிலிலும் பனியிலும் வெளியே நிற்கிறது.

எங்கள் ஊரிலும் இதே கதைதான். நான் திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவன். அப்பா யார்டில் டி.எக்ஸ்.ஆர்., அதாவது வண்டிப் பரிசோதகர். ஓடி வந்து நின்ற வண்டியின் ஓரமாக நடந்து ஒவ்வொரு சக்கரத்தையும் சுத்தியலால் தட்டி ஓசை கேட்பார். ஆக்ஸில் பாக்ஸைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சூடு மிஞ்சியிருந்தால் அந்த வேகனைச் 'சிக்' என்று எழுதி ஒதுக்கிவிடுவார். முப்பது வருடம் அவர் பார்த்தது கூட்ஸ் பெட்டிகளைத்தான். அவர் போன பிறகு, அவர் தொட்ட மீட்டர் கேஜ் மூடு வேகன் ஒன்றைச் சின்னதாகச் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். இஞ்சினுக்குப் படம் உண்டு, புத்தகம் உண்டு. வேகனுக்கு ஒரு சரியான அளவு கிடைக்கவில்லை. கூட்ஸ் பெட்டிகளை மட்டுமே செய்து, அதிலேயே ஆயுளைக் கழிக்கிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர்களைப் பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அங்கே அதிகம் பேர் செய்வது 1:87 அளவு. எச்.ஓ. என்பார்கள். ஒரு காலத்தில் அமெரிக்கா முழுக்க ஓடிய நாற்பது அடிப் பெட்டி, அந்த அளவில் சரியாக 14 சென்டிமீட்டர். உள்ளங்கையில் வைத்தால் விரல் நுனியைத் தாண்டாது. ஆனால் அந்தப் பதினான்கு சென்டிமீட்டருக்குள் எதுவும் தோராயமாக இருக்கக் கூடாது. பிரேக்கையே எடுத்துக்கொள்வோம். பழையது 'கே' வகை. 1933ல் 'ஏபி' வகை வந்தது. அதில் சிலிண்டர், காற்றுத் தொட்டி, வால்வு மூன்றும் தனித்தனியே தொங்கும். 1953க்குப் பிறகு 'கே' பிரேக் போட்ட பெட்டியை இன்னொரு கம்பெனியின் பாதைக்கு அனுப்பக் கூடாது என்றாகிவிட்டது. ஆக, பெட்டியின் அடிவயிற்றைப் பார்த்தாலே அது எந்தக் காலத்துப் பெட்டி என்று ஓரளவு சொல்லிவிடலாம். மாடலை யாரும் புரட்டிப் பார்க்கப்போவதில்லை. இருந்தும் அதைச் செய்கிறார்கள்.

வெளியே வந்தால் ஆமிஷ் மக்களின் சாம்பல் நிறக் குதிரை வண்டிகள் குளம்புச் சத்தத்தோடு போகின்றன. இரண்டு பக்கமும் சோளக் கொல்லை. மதியம் ஒரு சிற்றூர் உணவகத்தில் கோழியும் சோளமும் போட்ட சூப் வந்தது, குங்குமப்பூவின் மஞ்சளோடு. லங்காஸ்டர் வட்டாரத்து ஜெர்மானியக் குடும்பங்கள் பல தலைமுறையாகக் குங்குமப்பூ பயிரிட்டவை என்று பரிமாறிய அம்மாள் சொன்னார். பிறகு ஷூஃப்ளை பை. கரும்புப்பாகை மாவில் ஊற்றிச் சுட்ட இனிப்பு. பொங்கல் பானையில் வெல்லம் இளகும்போது வருமே, அந்த வாசனை.

ராக்ஹில், மவுண்ட் யூனியன்

மேற்கே மலைகளுக்குள் போனால் ராக்ஹில். ஈஸ்ட் பிராட் டாப் என்ற குறுகிய பாதையின் தலைமையிடம். மூன்றடி கேஜ், நம் மீட்டர் கேஜைவிட ஒரு சாண் அளவுகூடக் குறையாது. நிலக்கரிக்காகப் போட்ட பாதை 1956ல் மூடப்பட்டது. வாங்கியவர் ஒரு பழைய இரும்பு வியாபாரி. உடைத்து விற்றுவிடுவார் என்றுதான் ஊரே நினைத்தது. அவர் உடைக்கவில்லை. 1960லேயே சுற்றுலா வண்டி விட்டார். நடுவில் பல வருடம் நின்றுபோய், ஒரு அறக்கட்டளை வாங்கி 2021ல் மறுபடியும் ஓட்டியது.

இங்கே இஞ்சினைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது பட்டறை. ஒரே நீராவி எந்திரம், கூரையோடு ஓடும் நீண்ட தண்டு, அதிலிருந்து தொங்கும் தோல் பெல்ட்டுகள், ஒவ்வொரு பெல்ட்டிலும் ஒரு கடைசல் இயந்திரமோ துளையிடும் இயந்திரமோ. இந்தச் சின்னப் பாதை, 1913 முதல் தன் இரும்பு நிலக்கரிப் பெட்டிகளை இங்கேயே தட்டிச் செய்துகொண்டது. அந்தப் பெட்டி ஒன்றின் பக்கத்தில் நின்று ரிவெட் வரிசையைத் தடவிப் பார்த்தேன். ஒரே கோட்டில் இல்லை. ஒன்றிரண்டு சற்றே விலகியிருந்தன. பக்கத்திலிருந்த தன்னார்வலர் ஒருவர், "இந்தப் பெட்டியை மாடலாகச் செய்கிற சிலர் இந்த விலகலையும் செய்கிறார்கள்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை.

பாதையின் இன்னொரு முனை மவுண்ட் யூனியன். அகலம் கூடிய ஸ்டாண்டர்ட் கேஜ் பாதை அங்கேதான் வந்து சேர்ந்தது. ஸ்டாண்டர்ட் கேஜ் பெட்டியைக் கிரேனால் தூக்கி, அதன் சக்கரக் கட்டுகளை உருவிவிட்டு, குறுகிய பாதைச் சக்கரங்களைக் கீழே தள்ளி, பெட்டியை அப்படியே மலைக்குள் அனுப்பினார்கள். நம் நாட்டில் மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்தித்த யார்டுகளில் மூட்டைகளை ஒரு வேகனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியது ஆள் தோள்தான். சிமெண்டு மூட்டை இறக்கி முடித்தவர்கள் தலையெல்லாம் வெளுத்து, கண் மட்டும் தெரிய, எங்கள் காலனி வழியாக நடந்து போவார்கள். ஒரு கிரேன் மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய முதுகுகளை நினைத்துக்கொண்டேன்.

அல்டூனா

பென்சில்வேனியா ரயில் கம்பெனி 1850ஐ ஒட்டி உண்டாக்கிய ஊர் அல்டூனா. மலை ஏறுவதற்கு முன் இஞ்சினையும் பெட்டியையும் சரிபார்க்க ஓரிடம் வேண்டியிருந்தது. அந்தப் பட்டறைகளைச் சுற்றி ஊர் வளர்ந்தது. பொன்மலையும் அப்படித்தான். நாகப்பட்டினத்திலிருந்து பட்டறை பெயர்ந்து வந்தபோதுதான் எங்கள் காலனியே பிறந்தது. பட்டறைச் சுவரை ஒட்டிய வீட்டு வரிசைகள், ஒரே மாதிரி வாசல்கள். அல்டூனாவில் இறங்கியதும் ஊர் புதிதாகத் தெரியவில்லை.

ஊருக்கு வெளியே குதிரை லாட வளைவு. 1854 பிப்ரவரி 15ல் திறந்தது. பள்ளத்தாக்கின் ஒரு கரையில் ஏறி, முட்டில் திரும்பி, எதிர்க்கரை வழியே மேலே போகிறது பாதை. அயர்லாந்திலிருந்து வந்த கூலியாட்கள் கடப்பாறையாலும் மண்வெட்டியாலும் வெட்டியது. வளைவின் நடுவே நின்றால் நீள வண்டி ஒன்று நம்மைச் சுற்றிக்கொண்டு போகிறது. தலை ஒரு பக்கம், வால் எதிர்ப் பக்கம். செங்கோட்டை மலைப்பாதையில் சிறு வயதில் ஜன்னல் வழியே எங்கள் வண்டியின் வாலைப் பார்த்துக் கத்தியது ஞாபகம் வந்தது. இன்று போகிறவை பெரும்பாலும் கன்டெய்னர்கள்.

நான் தேடி வந்த மாடலர் ஊருக்குள் இருந்தார். வயது எண்பதை நெருங்குகிறது. பக்கத்து ஹாலிடேஸ்பர்க் பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்தவர். அந்தப் பட்டறை 2001ல் மூடப்பட்டது. கைகுலுக்கும்போதே இடக்கைக் கட்டைவிரல் வளைந்திருப்பது தெரிந்தது. நிலவறைக்கு அழைத்துப் போனார். நீள மேசை, வளைகழுத்து விளக்கு, உருப்பெருக்கிக் கண்ணாடி. மேசை மேல் பாதி முடிந்த ஒரு பெட்டி.

அது எக்ஸ்29. பென்சில்வேனியா கம்பெனியின் கணக்கில் எக்ஸ் என்றால் மூடு பெட்டி, எச் என்றால் அடியில் திறந்து கொட்டும் நிலக்கரிப் பெட்டி. 1924 முதல் ஏறக்குறைய 30,000 எக்ஸ்29 பெட்டிகள் செய்யப்பட்டன. மரப்பலகைப் பெட்டிகளின் காலத்தில் முழு இரும்பில் வந்தவை. அவர் செய்வது 1949ம் வருடம், இலையுதிர் காலம், இந்த அல்டூனா யார்டில் நின்ற பெட்டி. வேறு எந்த வருடமும் இல்லை.

"ஏன் 1949?" என்று கேட்டேன்.

பெட்டியின் கீழ் விளிம்பைக் காட்டினார். பக்கத் தகடு அடிச்சட்டத்தைச் சந்திக்கும் இடத்தில் ஈரம் தங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். வருடங்கள் போகப் போக அந்த இடத்தில் நீள நீளமாகத் தகடு ஒட்டுப் போட்டார்கள். 1924ன் பெட்டியில் அந்த ஒட்டு இருக்காது. 1949ன் பெட்டியில் இருக்கலாம். இருந்ததா என்பதற்குப் படம் வேண்டும். அவரிடம் அந்த ஒரு பெட்டியின் படம் இருந்தது, எண்ணோடு. தாள் போன்ற ஸ்டைரீன் பிளாஸ்டிக் பட்டையை வெட்டி அதே இடத்தில் ஒட்டியிருந்தார்.

பிறகு கைப்பிடிக் கம்பி. பெட்டியின் மூலைகளில் ஏறுவதற்கும் பிடிப்பதற்கும் இருக்கும் கம்பி. உண்மையில் அது எட்டில் ஐந்து அங்குலக் கனம். 87ஆல் வகுத்தால் 0.18 மில்லிமீட்டர். கடையில் வாங்கும் சாதாரண மாடலில் அதைப் பெட்டியோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள், ஒரு தடித்த வரி மாதிரி. இவர் அந்த வரியைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, 80ம் எண் துரப்பண முனையைக் கையால் சுழற்றித் துளையிட்டு, பித்தளைக் கம்பியை வளைத்துச் செருகுகிறார். அந்த முனை அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இராது. என்னிடம் கொடுத்தார். இரண்டாவது துளையிலேயே ஒடிந்தது. ஒன்றும் சொல்லாமல் இன்னொன்றை மாட்டித் தந்தார்.

"அந்தக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்கணும். அங்கேதான் ஒருத்தனோட விரல் போகும்" என்றார்.

அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1893ல் சட்டம் வருவதற்கு முன் பெட்டிகளைக் கோக்க, இரண்டு பெட்டிக்கு நடுவே ஆள் நின்று கையால் முளையைச் செருக வேண்டும். விரல் இழந்தவர்களும் கை இழந்தவர்களும் உயிர் இழந்தவர்களும் ஆயிரக்கணக்கில். காற்று பிரேக் இல்லாத வண்டிகளில் பிரேக்காரர்கள் ஓடும் பெட்டிகளின் கூரை மேல், ஒன்றரை அடி அகலப் பலகையில், பனி உறைந்த இரவிலும் நடந்து ஒவ்வொரு பெட்டியின் பிரேக் சக்கரத்தையும் திருகினார்கள். அயோவாவின் லொரென்சோ காஃபின் என்ற விவசாயி வருடக்கணக்கில் வாதாடி, தானே கோத்துக்கொள்ளும் கப்ளரும் காற்று பிரேக்கும் சட்டமாக வழி செய்தார். கைப்பிடியும் ஏணியும் எங்கே, எத்தனை அங்குலத்தில் இருக்க வேண்டும் என்ற விதிகள் அடுத்து வந்தன. அந்த நிலவறையில், 0.18 மில்லிமீட்டர் என்ற எண்ணை அவர் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

மாடல் கப்ளர் பற்றியும் பேச்சு வந்தது. கேடீ என்பது அதில் பெரிய பெயர். ஆரிகன் மாநிலத்து இரட்டைச் சகோதரர்கள் கீத், டேல் இருவரின் முதலெழுத்துகள் கே, டீ. உண்மையான கப்ளர் போலவே தானே கோத்துக்கொண்டு, காந்தத்தால் பிரியும் கப்ளரை உருவாக்கினார்கள்.

சாயத்துக்கு அவர் மூன்று நாள் எடுத்துக்கொள்வாராம். இரும்பு ஆக்சைடின் செம்மண் நிறம் முதலில். பிறகு டெக்கால் எழுத்துகள். அவை ரிவெட் மேல் படிந்து ஒட்ட ஒரு திரவம் தடவ வேண்டும், இல்லாவிட்டால் தோல் மாதிரி தூக்கி நிற்கும். கடைசியாகத் தூசி, கரி, சாக்குக்கட்டிக் கிறுக்கல். சக்கரத்தை மட்டும் துரு நிறத்தில் பூசவில்லை. கறுப்பும் பிசுக்குமாகப் பூசியிருந்தார். ஏன் என்று அவர் சொல்வதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. எண்ணெயில் ஊறிய காட்டன் வேஸ்ட் அடைத்த ஆக்ஸில் பாக்ஸிலிருந்து எண்ணெய் கசிந்து சக்கரத்தின் முகமெல்லாம் படியும். தூசி அதில் ஒட்டி அடை அடையாக நிற்கும். அப்பாவின் நகக் கண்ணில் சாகும்வரை இருந்த கறுப்பு அது. ரோலர் பேரிங் வந்த பிறகுதான் சக்கரங்கள் துரு நிறத்துக்கு மாறின. அவரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். விளக்கை அணைத்துவிட்டு, வெகு நேரம் அவர் தன் பட்டறையைப் பற்றிப் பேசினார்.

மேலே அவர் மனைவி பிட்ஸா வாங்கி வைத்திருந்தார். அல்டூனா பிட்ஸா வேறு எங்கும் இல்லாத ஒன்று. கனத்த சதுர ரொட்டி, குடைமிளகாய் வளையம், சலாமி, மேலே மஞ்சள் பாலாடைக்கட்டித் துண்டு. அதைத் தொடங்கிய ஹோட்டல் 2013ல் தீயில் போய்விட்டது என்றார் அந்த அம்மாள். எனக்குச் சலாமியை எடுத்துவிட்டு ஒரு துண்டு தந்தார்கள்.

மெக்கீஸ் ராக்ஸ்

பிட்ஸ்பர்க்கை ஒட்டி, ஓஹையோ ஆற்றங்கரையில் மெக்கீஸ் ராக்ஸ். இந்த வட்டாரத்தில்தான் சார்லஸ் ஷோன் என்பவர் 1897ல் இரும்பு நிலக்கரிப் பெட்டிகளைப் பெரிய அளவில் செய்து கொடுத்து, மரப் பெட்டிகளின் காலத்தை முடித்து வைக்கத் தொடங்கினார். 1899ல் பிரஸ்டு ஸ்டீல் கார் கம்பெனி. மாடல் செய்கிறவர்கள் மரியாதையோடு சொல்லும் பெயர்.

ஆனால் அந்தப் பட்டறைக்கு அங்கே வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் கசாப்புக் கடை. ஸ்லோவாக்கியர், ஹங்கேரியர், ருஷ்யர், போலந்துக்காரர் என்று பதினாறு இனத்தார். கூட்டத்துக்கு மொத்தமாகக் கூலி. யாருக்கு எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. 1909 ஜூலையில் வேலையை நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை, துப்பாக்கிச் சண்டை. குறைந்தது 12 பேர் செத்தார்கள். செப்டம்பரில் தொழிலாளர் வென்றார்கள்.

பொன்மலைக்காரனுக்கு இதைக் கேட்டுவிட்டு நகர முடியாது. 1946 செப்டம்பர் 5ல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது எங்கள் ஊரில் ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வருடா வருடம் அந்த நாளில் கொடியேற்றுவார்கள். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்.

வெங்காயக் கோபுரத் தேவாலயங்கள் இன்னும் நிற்கின்றன. ஒரு சிறிய கடையில் பியரோகி வாங்கிச் சாப்பிட்டோம். உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை என்று சொல்லலாம். வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு தருகிறார்கள். அந்தக் காலப் பட்டறைகளில் ரிவெட் அடிப்பவர்கள் நாலு பேர் கொண்ட குழு. ஒருவர் காய்ச்சுவார், ஒருவர் ஏந்திச் செருகுவார், ஒருவர் பின்னால் முட்டுக் கொடுப்பார், ஒருவர் அடிப்பார். 1:87ல் ஒரு ரிவெட் தலை மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். நாலு பேர் உழைப்பு.

பிட்ஸ்பர்க் புறநகர்

கடைசி இரண்டு நாள், ஒரு விடுதி அரங்கில் நடந்த மாடலர்கள் சந்திப்பில். பரிசு கிடையாது, போட்டி கிடையாது. நீள மேசைகளில் வெள்ளைத் துணி, அதன் மேல் நூற்றுக்கணக்கான பெட்டிகள். முடிந்தது, முடியாதது, சாயம் பூசாத ரெசின் உடம்பு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சீட்டு: எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தது, எந்த வருடம், எது இன்னும் சரியில்லை.

கலிபோர்னியா ஆரஞ்சுப் பழங்களைப் பனிக்கட்டி போட்டுக் கிழக்கே கொண்டுவந்த பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் பெட்டிகளை மட்டுமே செய்யும் ஓர் ஆசிரியை, கூரையில் பனிக்கட்டி கொட்டும் மூடிகளைத் திறந்து காட்டினார். பென்சில்வேனியா கம்பெனி யார்டைச் செய்கிறவரின் மேசையில் ஏன் கலிபோர்னியாப் பெட்டி, டெக்சாஸ் பெட்டி, கனடாப் பெட்டி எல்லாம் நிற்கின்றன என்று மருமகன் கேட்டான். அந்நாளில் ஒரு கம்பெனியின் மூடு பெட்டி கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு நாடு முழுக்க அலையும். ஒரு வண்டியில் பத்து ஊர்ப் பெயர் இருந்தால்தான் அது உண்மை வண்டி.

நான் கொண்டுவந்திருந்த மீட்டர் கேஜ் வேகனை மேசை ஓரமாக வைத்தேன். நாலு சக்கரம், மூடு பெட்டி. 1:87ல் அதன் பாதை பதினொன்றரை மில்லிமீட்டர். கூட்டம் கூடிவிட்டது. கைப் பிரேக் லீவர் இரண்டு பக்கமும் உண்டா? கதவுத் தாழ் எப்படி? அளவை எங்கே எடுத்தீர்கள்?

அப்பாவின் படத்தை எடுத்துக் காட்டினேன். கறுப்பு வெள்ளை. திருச்சி யார்டில் ஒரு வேகன் கதவில் சாய்ந்து நிற்கிறார், கையில் சுத்தியல். அப்பா ஐந்தடி ஆறங்குலம். அவரை அளவுகோலாக வைத்துத்தான் கதவின் உயரத்தைக் கணக்கிட்டேன், கதவிலிருந்து பெட்டியின் உயரத்தை.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அல்டூனாப் பெரியவரும் வந்திருந்தார். படத்தை உருப்பெருக்கியில் வெகு நேரம் பார்த்தார். "இந்தப் பக்கம் சரியாக வந்திருக்கு. அந்தப் பக்கத்துக்கு என்ன செய்யப்போறீங்க?" என்றார்.

பொன்மலை

திரும்பி வந்து நாலு மாதம் ஆகிறது. வேகனின் மறுபக்கம் இன்னும் வெறும் ஸ்டைரீனாக இருக்கிறது. திருச்சியைச் சுற்றி இன்று மீட்டர் கேஜ் தண்டவாளமே கிடையாது.

உங்கள் வீட்டிலும் ரயில்வேயில் இருந்த ஒரு அப்பாவோ தாத்தாவோ கூட்ஸ் பெட்டி முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படம் இருக்கும். அதை எறிந்துவிடாதீர்கள். பின்னால் தெரியும் பெட்டியின் எண்ணைப் படித்து, ஊர், வருடம், நிற்பவரின் உயரம் இவற்றைப் படத்தின் முதுகில் பென்சிலால் எழுதி வையுங்கள்.